கீரிமலைக் கேணியும் எங்கள் காலமும்

நூற்றாண்டு மலருக்கு எதை எழுதுவது என்று எங்கள் வகுப்புத் தோழிகள் தொலைபேசியில் கூடிக் கதைத்தோம். ஒருத்தி இல்ல விளையாட்டுப் போட்டியை எழுதுவோம் என்றாள். இன்னொருத்தி விடுதிச் சாப்பாட்டை எழுதச் சொன்னாள். கதை எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கல்லூரி வளவுக்கு வெளியே இருந்த ஓரிடத்தில் வந்து நின்றது. அது கீரிமலைக் கேணி. எழுபதுகளில் படித்த எங்களில் அங்கே குளிக்காதவள் ஒருத்தியும் இல்லை. ஆனால் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது மறுமுனையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்திலிருந்து பிறந்தது.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலோடு ஒட்டியபடி இருக்கிறது கீரிமலை. மலை என்று பெயரே தவிர அங்கே மலை கிடையாது. கடலைப் பார்த்தபடி சற்றே உயர்ந்த சுண்ணாம்புக் கற்றரைதான் உண்டு. கீரி முகத்தோடு இருந்த நகுலமுனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடித் தம் முகம் மாறப் பெற்றார் என்பது ஐதீகம். நகுலம் என்றால் கீரி. நகுலேஸ்வரம் என்ற கோயிற் பெயரும் கீரிமலை என்ற ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்தவை. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே தீர்த்தமாடிக் குணமடைந்தாள் என்றும், அவள் குதிரை முகம் நீங்கியதால் மாவிட்டபுரம் என்ற பெயர் வந்ததென்றும் கீழ் வகுப்பிலேயே படித்தோம். ஒரு பெண் பிள்ளை குளித்து எழும்பியதால் ஓர் ஊருக்குப் பெயர் கிடைத்தது என்பதில் எங்களுக்கு அப்போது பெருமை இருந்தது.

ஈழத்தின் பழம்பெரும் ஈஸ்வரங்கள் ஐந்தில் ஒன்று நகுலேஸ்வரம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பின் இப்பகுதிக் கோயில்கள் பலவற்றோடு அதுவும் இடிக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோரின் தூண்டுதலால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது மீண்டும் எழுந்தது. கோயில் இல்லாத அந்த நீண்ட காலத்திலும் ஊற்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்லை இடிக்கலாம், ஊற்றை இடிக்க முடியாது என்று எங்கள் சமய பாட ஆசிரியை சொல்லுவார்.

அந்த ஊற்று எங்கிருந்து வருகிறது என்பதை ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவின்போது, கேணிப் படியில் எங்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தியவரும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தரைக்கடியில் தங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே உள்ளே கசிந்து வரும் கடல்நீருக்கு மேலே அது மிதந்து நிற்கிறது. கரையோரத்தில் கல் வெடித்த இடத்தில் அது வெளியே வருகிறது. எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் கடல் பெருகும்போது வெளியேறும் நீர் தடைப்பட்டுக் கேணி நிறையும். வற்றும்போது நீர் கடலை நோக்கி இழுபட்டு, பாசி படிந்த ஒரு படி வெளியே தெரியும். கரைக்கு அப்பால் கடலுக்குள்ளேயே குளிர்ந்த நீர் கொப்பளிக்கும் இடங்களும் உண்டு. அந்தப் படியைக் காட்டி, "சந்திரன் இழுக்கிறது கடலை மட்டுமில்லைப் பிள்ளையள், கேணியையும்தான்" என்றார் ரீச்சர். பின்னாளில் நாங்கள் படித்த புவியியல் எல்லாம் அந்தப் படியில் இருந்து தொடங்கியதுதான். புத்தூர் நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று ஊரில் சொல்லும் கதையைப் பற்றிக் கேட்டோம். "போட்டுப் பாத்தனீங்களோ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கீரிமலையில் கேணிகள் இரண்டு. ஆண்கள் கேணி பெரியது, படிகள் இறங்கும், கடற்பக்கம் ஒரு கட்டு மட்டுமே. அதற்கு அப்பால் அலை அடிக்கும் சத்தம் கேட்கும், பெரிய அலையென்றால் தூவானம் முகத்திலும் படும். பெண்கள் கேணி சிறியது, சுற்றிவர மதில்.

சிறு பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் அப்பாவோடு, மாமாவோடு ஆண்கள் கேணிக்குத்தான் போனோம். சைக்கிளின் முன் பாரில் தம்பி, பின்னால் நாங்கள். சிலர் பஸ்ஸில் வந்தோம், சிலர் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஊர்ச்சனத்தோடு இடிபட்டு வந்தோம். பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது; ஆனால் தண்ணீருக்குக் குறைவில்லை. முதலில் காலை வைத்தவுடன் குளிர் உச்சிவரை ஏறும். நீர் கண்ணாடி போல் இருக்கும், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். வாயில் பட்டால் கடலுப்பு இல்லை, இலேசான சவர் மட்டும்தான். அப்பாவின் உள்ளங்கை எங்கள் வயிற்றுக்குக் கீழே இருக்கும். "காலை அடி, காலை அடி" என்பார். எப்போது அந்தக் கையை எடுத்தார் என்று தெரியாமலே நாலு பாகம் நீந்தியிருப்போம். கட்டில் கையைப் போட்டு ஏறிப் பார்த்தால் எல்லையில்லாத நீலம். அதற்கு அங்கால் இந்தியா என்று யாரோ ஒரு பெடியன் சொல்லுவான். குளித்து முடித்தால் வெளியே கச்சான், ஐஸ்பழம், பனங்கிழங்கு. சேமித்த ஐந்து சதம், பத்துச் சதம் எல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

பிறகு ஒருநாள் அது நின்றுபோனது. எங்களில் சிலருக்குப் பதினொரு வயதில், சிலருக்குப் பன்னிரண்டில். சாமத்தியச் சடங்கு முடிந்து, தண்ணீர் வார்த்து, நகை போட்டுப் படம் எடுத்த பிறகு வந்த முதல் கீரிமலைப் பயணத்தில், பழக்கதோஷத்தில் அப்பாவுக்குப் பின்னால் நடந்தவளை அம்மம்மா கையில் பிடித்து நிறுத்தினார்.

"எங்கை பிள்ளை போறாய்? இனி அந்தப் பக்கம் இல்லை. இஞ்சாலை வா."

தம்பி மட்டும் அப்பாவோடு போனான். அவன் நீச்சல் பழகி, பிறகு கட்டில் ஏறிக் குதிக்கவும் பழகினான். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. அம்மம்மாவுக்கும் அவருடைய அம்மம்மா அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு நீச்சல் அந்த நாளோடு நின்றது என்பதும் உண்மை.

மதிலுக்குள் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. பெண்கள் கேணியில் குறுக்குக்கட்டோடு நின்றபடி எங்கள் தாய்மார் கதைத்த கதைகளை வேறெங்கும் கேட்டதில்லை. யாருக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள், சீதனம் எவ்வளவு, யாருடைய மகள் பல்கலைக்கழகம் போகிறாள், யாருடைய கணவன் குடிக்கிறான், அவளை எப்படித் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் பேசி முடிந்தன. அரப்பும் தேசிக்காயும் வைத்துத் தலை தோய்ந்துகொண்டே ஒருத்தி அழுவாள். தண்ணீரில் அழுதால் கண்ணீர் தெரியாது. அந்தியேட்டிக்கு வந்த வீட்டாரும் அதே கேணிக்கு வருவார்கள். முதல்நாள் வரை பொட்டோடு பார்த்த பெரியம்மாவை வெறும் நெற்றியோடு படியில் பார்த்தபோது, பெண்ணாய்ப் பிறந்ததன் பாரம் எங்களுக்கு முதன்முதலாய் விளங்கியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவருடைய தோளில் வார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் கால் வைக்க இடம் இராது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் தீர்த்தமும் அன்றுதான். தகப்பனை இழந்தவர்கள் தர்ப்பணம் செய்து நீராடி, வீடு போய்க் காத்தோட்டிக் காயும் சேர்த்துச் சமைத்து விரதம் முடிப்பார்கள். தகப்பன் இருந்த எங்களுக்கு அந்நாள் ஒரு திருவிழா மட்டுமே. அந்தச் சனத்துக்குள் நாங்களும் ஒருநாள் நிற்போம் என்று அன்று நினைத்ததில்லை.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. அதே ஆண்டில் நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்குள்ளாகிப் பெரும் சேதமடைந்தது. காங்கேசன்துறை ரயில் பாதையில் ஓட்டம் நின்றது. 1950 முதல் புகைத்துக்கொண்டிருந்த சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் ஓய்ந்தது. ஊர் உயர்பாதுகாப்பு வலயம் ஆனது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கீரிமலை எங்களுக்கு ஒரு சொல்லாக மட்டும் இருந்தது. எங்களில் சிலர் மானிப்பாயிலும் வடமராட்சியிலும் முகாம்களில் பிள்ளை பெற்றோம். சிலர் கொழும்பு, சிலர் கனடா, சிலர் லண்டன். தகப்பன்மார் ஒவ்வொருவராய்ப் போனார்கள். ஆடி அமாவாசை வந்தால் இருந்த இடத்துக் கிணற்றடியிலோ குளியலறைக் குழாயடியிலோ நின்று, கண்ணை மூடி, இது கீரிமலை என்று நினைத்துக்கொண்டோம்.

2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது. எங்கள் மாகாணத்தில் முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கும் கண்ட அழிவை எல்லோரும் அறிவர். நிவாரணத்துக்குப் போன எங்கள் தோழி ஒருத்தி திரும்பி வந்து சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை: "செத்ததிலை கனபேர் பொம்பிளையள்." இந்து சமுத்திரக் கரையோரக் கிராமங்கள் பலவற்றில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்ததாகப் பிறகு வந்த ஆய்வுகளும் எழுதின. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, உடுத்திருந்த சீலை காலில் சுற்றியது என்று பல காரணங்கள். நீந்தத் தெரியாததும் அவற்றுள் ஒன்று. அதைக் கேட்டபோது எங்களுக்குக் கீரிமலை மதில்தான் நினைவுக்கு வந்தது.

போர் முடிந்து பாதை திறந்த பின் ஒவ்வொருவராய்ப் போய்ப் பார்த்தோம். நகுலேஸ்வரத்தில் 2012இல் குடமுழுக்கு நடந்தது. 2015 தையில் ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. அதிலேயே ஏறி வந்து இறங்கினோம். எங்கள் நினைவில் கடல் போலக் கிடந்த கேணி நேரில் சிறிதாய்த் தெரிந்தது. தண்ணீர் மட்டும் மாறவில்லை. காலை வைத்தவுடன் அதே குளிர் உச்சிவரை ஏறியது. பெண்கள் கேணிக்குள் இறங்கி, கழுத்தளவு நீரில் நின்று, போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னோம். மதிலுக்கு அப்பால் பெடியன்கள் குதிக்கும் சத்தம் கேட்டது.

எங்களில் ஒருத்தி ஐம்பது வயதுக்குப் பிறகு, ரொறொன்ரோவில் பேத்தியோடு சேர்ந்து நீச்சல் வகுப்புக்குப் போனாள். குளோரின் மணக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பயிற்றுநர் அவளுடைய வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்தபோது, "விடுங்கோ, எனக்குத் தெரியும்" என்று தமிழில் சொல்லிவிட்டாளாம். நாலு பாகம் நீந்தினாளாம். அப்பா பழக்கியது அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காலில் இருந்திருக்கிறது.

எங்கள் கல்லூரி எங்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சங்கீதமும் தந்தது. வலைப்பந்தும் தந்தது. நீச்சலை மட்டும் அன்று ஒருவரும் ஒரு பாடமாக நினைக்கவில்லை. நாற்புறமும் கடலுள்ள நாட்டில், கடலுக்கு இவ்வளவு கிட்ட வளரும் பெண் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு மட்டுமல்ல. ஆகவே நூற்றாண்டை நினைவுகூரும் எங்கள் சங்கத்திடம் இந்த வகுப்பினரின் வேண்டுகோள் ஒன்றுதான். மண்டபத்துக்கும் வளைவுக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நீச்சல் பழகுவதற்கு ஒதுக்குங்கள். முதலாம் ஆண்டுச் செலவுக்கு நாங்கள் எங்களுக்குள் சேர்த்த தொகையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம்.

பழகிய பிள்ளைகளை ஒருமுறை கீரிமலைக்கும் கூட்டிப் போங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால், பாசி படிந்த அந்தப் படியைக் காட்டலாம். வழுக்கும், கவனம்.