கத்தாத கோவேறு கழுதையும் கத்திய ரோபோவும்

2025 ஜனவரி 15. புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நாலுகால் ரோபோக்கள் வரிசையா நடந்து போச்சு. அந்த வீடியோவை அனுப்பி, "டாக்டர், இனி மலையில சுமை தூக்குற கோவேறு கழுதைக்கெல்லாம் ரெஸ்ட்டா?"ன்னு கேட்டிருந்தீங்க.

கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன். 1944 பர்மாவில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஜப்பான் படைக்குப் பின்னாடி காட்டுக்குள்ள புகுந்து தாக்க, பிரிட்டிஷ் தளபதி ஆர்ட் விங்கேட் உருவாக்கிய படைக்கு சிண்டிட்னு பேர். அந்த வருஷம் மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேல கோவேறு கழுதைகளை விமானத்திலும் கிளைடரிலும் ஏத்தி காட்டுக்குள்ள இறக்கினாங்க. வயர்லெஸ் செட், மோர்ட்டார், குண்டு எல்லாம் அதுங்க முதுகுலதான்.

பிரச்சினை, அதுங்க குரல். ஒரு கோவேறு கழுதை கத்தினா போதும், மொத்தப் படையும் எங்க இருக்குன்னு எதிரிக்குத் தெரிஞ்சிடும்.

என்ன பண்ணாங்க தெரியுமா? கால்நடை மருத்துவர்களை வெச்சு, மயக்கம் கொடுத்து, குரல் நாண்களையே வெட்டிட்டாங்க.

தைராய்டு ஆபரேஷன்ல குரல் நரம்பு மேல கத்தி பட்டுடக் கூடாதேன்னு சர்ஜன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்றதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். அதனாலோ என்னவோ, இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த சிப்பாய்கள் உயிரோட இருக்க அது தேவைப்பட்டுச்சு என்பதும் உண்மை.

70 வருஷம் கழிச்சு அதே பிரச்சினை அமெரிக்காவுக்கு வந்துச்சு, வேற உருவத்துல.

பாஸ்டன் டைனமிக்ஸ் 2005-ல் பிக்டாக்னு ஒரு நாலுகால் ரோபோ செஞ்சாங்க. அதோட பெரிய வாரிசு எல்எஸ்3. சுமார் 180 கிலோ தூக்கும், கரடுமுரடான தரையில நடக்கும், கீழ விழுந்தா தானா எழுந்துக்கும். 2014-ல் ஹவாயில் மரைன் படை அதை ஓட்டிப் பார்த்துச்சு. உள்ள இருந்தது பெட்ரோல் இஞ்சின். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ஓடுற ஜெனரேட்டர் மாதிரி சத்தம். ரகசியமா போற படையோட இதை எப்படி அனுப்புறது? 2015 கடைசியில் ஓரங்கட்டிட்டாங்க.

சரி, பேட்டரியில ஓடுற சின்ன ரோபோ? சத்தம் குறைஞ்சுது, கூடவே சுமையும் 20 கிலோவுக்குக் கீழ இறங்கிடுச்சு.

நம்ம ராணுவ ரோபோவும் இந்த ரகம்தான். சுமார் 15 கிலோ தூக்கும். ஒரு கோவேறு கழுதை மலைப்பாதையில் 70 கிலோவை சர்வசாதாரணமா தூக்கிட்டுப் போகும். அதுக்கு வேண்டியது தீவனமும் தண்ணியும் ஓய்வும். ரோபோவுக்கு சார்ஜ் வேணும். பனி மலையில பேட்டரி சீக்கிரம் இறங்கும். இறங்கிட்டா, அந்த ரோபோவையே யாராவது தூக்கணும்.

அதுக்காக ரோபோ வீண்னு சொல்ல வரல. குண்டு விழுற இடத்துக்கு உயிருள்ள எதையும் அனுப்பாம கேமராவை அனுப்பலாம். முன்னணி போஸ்ட்டுக்கு குளுக்கோஸ் பாட்டில், கட்டுத்துணி, மருந்து போய்ச் சேரும். ஆனா காயம்பட்ட ஜவானை கீழ கொண்டு வரணும்னா? அவர் எடையே 70 கிலோ இருக்கும். அங்க ரோபோ ஒண்ணும் பண்ண முடியாது. நாலு சக வீரர்களோட தோள் வேணும், இல்லன்னா கோவேறு கழுதை.

என் கணிப்பைக் கேட்டா, அந்தக் கழுதையோட வேலையைப் பறிக்கப் போறது நாலுகால் ரோபோ இல்ல. புதுசா போடுற ரோடும், மேல பறக்குற சரக்கு ட்ரோனும்தான். அதுங்களுக்குப் பாதை கரடா முரடான்னு கவலையே இல்ல.

கடைசியா பெடோங்கி பத்திச் சொல்லிடறேன். 1962-ல் நம்ம ராணுவத்துல சேர்ந்த பெண் கோவேறு கழுதை. 1971 போரில் பாகிஸ்தான் படைகிட்ட மாட்டிக்கிச்சு. அங்கிருந்து தப்பிச்சு, முதுகுல கட்டின மெஷின் கன்னோடயும் தோட்டாப் பெட்டியோடயும் நம்ம போஸ்ட்டுக்கே நடந்து வந்துடுச்சு. ரிமோட் எல்லாம் கிடையாது, வழி அதுக்கே தெரிஞ்சிருக்கு. 1992-ல் நீல வெல்வெட் போர்வை போர்த்தி மரியாதை செஞ்சாங்க. 1998-ல், வயசாகி, பரேலியில் இறந்துச்சு.