நெஞ்சுவலியும் நேரமும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

நம் பாட்டனார் காலத்தில் மாரடைப்பு கண்டவரைப் படுக்க வைத்து வலியைத் தணிப்பதற்கு மேல் மருத்துவரால் அதிகம் செய்ய இயலவில்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. எவ்வாறு மாறியது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

1988ஆம் ஆண்டு ஐசிஸ்-2 என்னும் பெரும் ஆய்வின் முடிவு வெளிவந்தது. 16 நாடுகளில் மாரடைப்பு ஐயத்துடன் சேர்க்கப்பட்ட 17,187 பேர் அதில் பங்கேற்றனர். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் ஆகிய இரண்டையும் பெறாதோரில் 100க்கு 13.2 பேர் ஐந்து வாரங்களுக்குள் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தனர். இரண்டையும் பெற்றோரில் அது 8 ஆகக் குறைந்தது. விலை மலிவான ஒரு மாத்திரையும் உயிர்காக்கும் என்பதை உலகம் அன்று கண்டது.

ஆனால் சிற்றூரில் இருப்பவருக்கு இச்சிகிச்சை எட்டுமா? இக்கேள்விக்கு விடை தேடியது தமிழ்நாடுதான். 2012 முதல் 2014 வரை, கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தனர். அருகிலுள்ள இடத்தில் ஈசிஜி எடுத்து, கட்டி கரைக்கும் மருந்து கொடுத்து, பின்னர் ஆஞ்சியோகிராம் செய்யப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே அம்முறை. 2,420 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஓராண்டுக்குள் இறந்தோர் 100க்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். எனினும் அடைப்பைத் திறக்கும் சிகிச்சை தொடங்க ஆகும் நேரம் மட்டும் ஏறத்தாழ முன்போலவே இருந்தது.

2023இல் தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம், ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்தது. முதல் உதவி நம் தெருவுக்கு அருகிலேயே வந்துவிட்டது.

திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் சுமார் 10 கி.மீ.; தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கும் அப்பால் சுமார் 40 கி.மீ. சாலையில் ஆகும் நேரத்தை நம்மால் அதிகம் குறைக்க இயலாது. வீட்டில் கழியும் நேரமோ நம் கையில் உள்ளது. "வாயுவாக இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் கொடுப்பதும், "ஃபஜ்ரு வரை பார்ப்போம்" என்று காத்திருப்பதும், வெளிநாட்டிலுள்ள மகனின் அழைப்பை எதிர்பார்ப்பதும் இதயத்தசை அழியும் நேரமே.

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் உடனே 108ஐ அழைப்போம். மாத்திரையை நாமாகக் கொடுக்காமல் மருத்துவப் பணியாளரிடம் விடுவோம். ஹயாத்து அல்லாஹ்வின் கையில் உள்ளது. எனினும் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, தாமதிப்பது தவக்குல் ஆகாது.