பொதுவெளிக் கலையில் மக்கள் குரல்: கைப்பேசிக் காலத்தின் நான்கு படைப்புகள்

பொது இடத்தில் அமையும் கலைப்படைப்பு மக்களுக்கு உரியது என்பது பொதுவான கருத்து. ஆயினும் அதில் எது இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்தோர் பெரும்பாலும் அரசரும் அரசும் புரவலருமே ஆவர். இணையமும் கைப்பேசியும் பரவிய பின்னர் இந்நிலை மாறியதாகக் கருதப்படுகிறது. அம்மாற்றத்தின் அளவை, 1999 முதல் 2014 வரை நிகழ்ந்த நான்கு படைப்புகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மெக்சிகோ: தணிக்கையற்ற சொல்

2000ஆம் ஆண்டின் வருகையை ஒட்டிய அரசு விழாவிற்காக, ரஃபாயெல் லோசானோ-ஹெம்மர் என்னும் கலைஞர் மெக்சிகோ நகரின் சோக்கலோ சதுக்கத்தைச் சுற்றி 18 தேடொளி விளக்குகளை நிறுவினார். 'வெக்டோரியல் எலிவேஷன்' எனப் பெயரிடப்பட்ட இப்படைப்பில், இணையத்தின்வழி எவரும் அவ்விளக்குகளைத் திருப்பி வானில் ஒளிக்கோலம் அமைக்க முடிந்தது. ஒவ்வொரு கோலத்திற்கும் தனி இணையப்பக்கம் உருவாக்கப்பட்டது. அதில் பங்கேற்றோர் எழுதிய சொற்கள் தணிக்கை செய்யப்படவில்லை. காதல் கவிதைகளோடும் கால்பந்து முடிவுகளோடும், 1994இல் சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபாட்டிஸ்டா இயக்கத்தின் முழக்கங்களும் அங்கு எழுதப்பட்டன. அரசு விழாவிலேயே அரசை எதிர்த்த குரலும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

பெர்லின்: ஒரே சுவரில் இரு காலம்

பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்திலுள்ள 'ஆசிரியர் இல்லம்' கிழக்கு ஜெர்மனி அரசால் 1964இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றி, வால்டர் வோமாக்கா வடிவமைத்த 'நம் வாழ்க்கை' என்னும் வண்ணக்கல் ஓவியம் சுமார் 125 மீட்டர் நீளத்திற்கு அமைந்துள்ளது. மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அரசே மக்களுக்குச் சொல்லிய ஓவியம் அது.

2001 செப்டம்பரில், கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் கணிப்பொறி ஆர்வலர் அமைப்பு தனது 20ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அதே கட்டடத்தின் மேல் எட்டுத் தளங்களில் 144 சன்னல்களுக்குப் பின்னே விளக்குகளைப் பொருத்தியது. ஒவ்வொரு சன்னலும் ஒரு புள்ளியாகக் கட்டடமே திரையாயிற்று. 'பிளிங்கன்லைட்ஸ்' என்னும் இப்படைப்பு 2002 பிப்ரவரி வரை நீடித்தது. தெருவில் நின்றவர் கைப்பேசியின் எண் விசைகளால் 'பாங்' என்னும் பந்தாட்டத்தைச் சுவரில் ஆடினார். தாம் வரைந்தனுப்பிய காதல் மடலைக் குறியீட்டெண்ணை அழுத்தி ஒளிரச் செய்தார். கீழே அரசின் கூற்று நிலைத்து நிற்க, மேலே மக்களின் கூற்று தோன்றி மறைந்தது.

யமகுச்சி: ஒளியான குறுஞ்செய்தி

லோசானோ-ஹெம்மர் 2003 நவம்பரில் ஜப்பானின் யமகுச்சி நகரில் 'அமோடல் சஸ்பென்ஷன்' என்னும் படைப்பை அமைத்தார். கைப்பேசியாலோ இணையத்தாலோ அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி, 20 தேடொளி விளக்குகளின் விட்டுவிட்டு ஒளிரும் கீற்றுகளாக மாற்றப்பட்டது. யாரேனும் அதனைப் பிடித்துப் படிக்கும்வரை அது வானில் உலவியது. தனிமொழி பொதுமொழியாகும் தருணத்தை இப்படைப்பு கண்முன் நிறுத்தியது எனலாம்.

வான்கூவர்: சொல் மறைந்த தொடுகை

முகநூல் 2004இலும் ட்விட்டர் 2006இலும் தொடங்கின. கைப்பேசியும் தொடுதிரை பெற்றது. இப்பின்னணியில், 2014 மார்ச்சில் கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் எக்கல்மன், ஆரன் கோப்லின் ஆகியோர் 745 அடி நீள வலைச்சிற்பமொன்றைத் தொங்கவிட்டனர். இவ்வகைச் சிற்பத்தின் தொடக்கம் தமிழகத்தில் உள்ளது. 1997இல் மாமல்லபுரத்தில் தங்கியிருந்த எக்கல்மன், கடற்கரை மீனவர்களின் வலைகளைக் கண்டு, அவர்களோடு இணைந்தே தம் முதல் வலைச்சிற்பங்களை உருவாக்கினார். வான்கூவரில் மக்கள் கைப்பேசித் திரையில் விரலை நகர்த்த, வலையில் வண்ண ஒளி படர்ந்தது. ஆயின் அங்கே எழுதுவதற்கு இடமில்லை.

நிறைவாக

இந்நான்கையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கருவியின் ஆற்றல் பெருகியமையால் மட்டும் பங்கேற்பவரின் உரிமை பெருகிவிடவில்லை. எண் விசை மட்டுமே கொண்ட கைப்பேசி காதல் மடலைச் சுவரேற்றியது; தொடுதிரைக் கைப்பேசி வண்ணத்தை மட்டும் நகர்த்தியது. மக்களின் சொல் இதற்கிடையே தனியார் நிறுவனங்களின் சமூக ஊடகங்களுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு எது நிலைக்கலாம் என்பதை அந்நிறுவனங்களின் விதிகள் முடிவு செய்கின்றன. எனவே ஒரு படைப்பு பொதுவெளிக் கலையா என்பதை ஆராய்வோர், எத்தனை பேர் பங்கேற்றனர் என்பதோடு, அவர்கள் எதைச் சொல்ல முடிந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.