பெயர்ப்பட்டியலும் ஓர் அமானிதம்தான்



பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நம் பிள்ளைகளைப் பாராட்டும் ஆசையில், அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் உள்ள தாளையே படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். ஆசிரியர்களான நாமும் செய்திருக்கிறோம். அது யார் யார் கைக்குப் போனது என்று இன்று நமக்கே தெரியாது.

1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிக்கக் கொடுத்த விலாசம் வீட்டை எரிக்க உதவியது.

1942 டிசம்பரில், நாசிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில், உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தங்கள் மாணவர் பதிவேடுகளுக்குத் தாங்களே தீ வைத்தார்கள். கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்க அந்த விபரங்கள் உதவிவிடும் என்ற அச்சம்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது நம்மில் பலர் காணி உறுதியையும் சான்றிதழையும் இழந்தோம். பதிவு இல்லாமற் போனால் படும் பாடும் நமக்குத் தெரியும். ஆகவே பதிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது யார் கையில், எதற்காக இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றும் இதுதான்: ஒரு தேவைக்கென்று வாங்கிய விபரம் அந்தத் தேவைக்கே உரியது.

உட்ரெக்டில் எரித்தால் அழிந்தது. இன்று கசிந்த பட்டியலை எரிக்க முடியாது.

பழைய படங்களை இன்றே அழித்துவிடுவோம். வாழ்த்துவதற்குப் பெயர் போதும். மற்றதெல்லாம் பிள்ளை நம்மிடம் தந்த அமானிதம்.