குயின் குழுவும் நம்ம ஹாஸ்டல் பேண்டும்

மலருக்கு ஒரு தொழில்நுட்பக் கட்டுரை எழுதித் தரும்படிதான் என்னைக் கேட்டார்கள். இன்ஜினியர் என்றால் இன்ஜினியரிங் பற்றித்தான் எழுத வேண்டுமா என்ன? நான் எழுதப் போவது ஒரு பாட்டுக் குழுவின் வரலாறு. நம்ம ஹாஸ்டல் பேண்ட் ஏன் உடைந்தது என்பதும் அதில் அடக்கம்.

லண்டன் இம்பீரியல் காலேஜில் இயற்பியல் படித்த பிரையன் மே, 1968-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ஸ்மைல்' என்ற குழுவை ஆரம்பித்தார். டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை என்று காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அதனால் வந்து சேர்ந்தவர் பல் மருத்துவ மாணவர் ரோஜர் டெய்லர். 1970-இல் ஃபிரெடி மெர்குரி சேர்ந்தார். குழுவுக்குக் 'குயின்' என்று பெயர் வைத்தார். இவர் நம் நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு படித்த பார்சி வீட்டுப் பிள்ளை. பேஸ் கிடாருக்கு மட்டும் ஆள் நிலைக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் மூன்று பேர் வந்து போனார்கள். 1971-இல் வந்து நிலைத்தவர் ஜான் டீக்கன். எலெக்ட்ரானிக்ஸில் முதல் வகுப்பில் தேறியவர். நம்ம ஆள்!

டீக்கன் அதிகம் பேசமாட்டார், பாடவும் மாட்டார். முதல் இரண்டு ஆல்பங்களில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதைப் பிரையன் மே பல வருடம் ரெக்கார்டிங்கில் பயன்படுத்தினார். 1974-இல் டீக்கனின் முதல் பாட்டு ஆல்பத்தில் இடம் பெற்றது. அடுத்த வருடம், தன் மனைவிக்காக ஒரு பாட்டு எழுதினார். அதற்காகவே எலெக்ட்ரிக் பியானோவும் கற்றுக்கொண்டார். பாடியவர் மெர்குரி, தன் சொந்தப் பாட்டு போலவே. 1980-இல் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது! மூன்று பேரும் காத்திருந்து இடம் கொடுத்ததன் பலன் அது.

இவர்களுக்குள் சண்டையே வரவில்லையா? வந்தது. 1975-இல் மெர்குரியின் 'போஹிமியன் ராப்சொடி' இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் டெய்லரின் பாட்டு. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் சம ராயல்டி. மறுபக்கம் கேட்காதவர்களும் டெய்லருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று வையுங்களேன். அது மனக்கசப்பாகி வருடக்கணக்கில் நீடித்தது. எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்பதோடு யாருக்குக் காசு என்பதும் கலந்துவிட்டது.

1989-இல் வந்த 'த மிராக்கிள்' ஆல்பத்தில் இதற்கு முடிவு கட்டினார்கள். யார் எழுதினாலும் பெயர் 'குயின்' என்றே போடுவது, வருமானம் நாலு பங்கு. அதற்குப் பிறகு பாட்டை மட்டும் பார்த்துப் பேச முடிந்தது. 1991 நவம்பரில் மெர்குரி மறையும்வரை நால்வரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

இப்போது நம்ம கதை. எங்கள் பேண்டில் லீட் கிடார் நான். பாட்டுத் தேர்வு நான், மேடையில் மைக் நான். பேஸ் வாசித்த நண்பன் மூன்றாம் வருடத்தில் ஒரு ட்யூன் போட்டுக்கொண்டு வந்தான். பாதி கேட்டுவிட்டு, "அப்புறம் பாக்கலாம் மச்சான்" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. கடைசி வருடம் அவன் பிராக்டிஸுக்கு வருவதை நிறுத்தினான். "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லடா" என்று எல்லோரிடமும் சொன்னேன். அவனுக்கு ஆர்வம் இருந்தது, நான்தான் இடம் கொடுக்கவில்லை. குயின் வரலாற்றைப் படித்தபோதுதான் இது உறைத்தது.

இன்று ஹாஸ்டலில் பேண்ட் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிராக்டிஸுக்கு வராதவனைத் திட்டுவதற்கு முன், அவன் போட்ட ட்யூனை ஒரு தடவையாவது முழுசாக வாசித்துப் பாருங்கள். பரிசு கிடைத்தால் பாடினவன் பெயரோடு எல்லார் பெயரையும் மேடையில் சொல்லுங்கள்.

மச்சான், இந்த மலர் உன் கைக்கும் வரும். சந்திப்பு நாளன்று கிடாரோடு வருகிறேன். அந்த ட்யூனின் மீதிப் பாதியை நான் இன்னும் கேட்கவில்லை.