71 மருத்துவமனைகளில் படித்த மாடல்

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி கொடியது, ஆனால் அபூர்வமானது. லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் வரும். அதனால் கட்டியின் எல்லையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் போதுமான ஸ்கேன்கள் எந்த ஒரு மருத்துவமனையிடமும் இருப்பதில்லை. எல்லோருடையதையும் ஓரிடத்தில் குவிக்கலாம் என்றால், நாட்டுக்கு நாடு சட்டம் குறுக்கே நிற்கிறது.

கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: தரவு இருக்கும் இடத்துக்கு, கற்கும் கணினி நிரலான மாடல் போகட்டும். கைப்பேசிக்காக யோசித்தது அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் இன்டெல்லும் அதை மூளை ஸ்கேனுக்குக் கொண்டுவந்தன.

அவை உருவாக்கிய மாடல் முதலில் பொதுவெளியில் கிடைத்த 231 பேரின் ஸ்கேன்களில் பாடம் படித்தது. பிறகு ஆறு கண்டங்களுக்குப் புறப்பட்டது, ஒரே நேரத்தில் பல பிரதிகளாக. போன இடங்களிலெல்லாம் முன்வேலை காத்திருந்தது. நான்கு வகை எம்ஆர்ஐ படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மண்டையோட்டுப் பகுதியை நீக்க வேண்டும் (தலை ஸ்கேனிலிருந்து முகத்தையே மீட்டுவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது). பழைய மென்பொருள்கள் வரைந்த எல்லைக்கோட்டை மருத்துவர்கள் கையால் திருத்தினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான உழைப்பு அதுதான்.

திருத்திய படங்களில் ஒவ்வொரு பிரதியும் பயின்றது. பயிற்சியில் மாடலுக்குள் மாறிய எண்கள் மட்டும் மையச் சர்வருக்குத் திரும்பின. அங்கே சராசரி எடுத்து, புதிய மாடலாக்கி, மறுபடி அனுப்பினார்கள். இப்படிப் பல சுற்று. கடைசியில் 71 இடங்களின் 6,314 நோயாளிகளிடம் அது கற்றிருந்தது. 2022 டிசம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முடிவு வந்தது: அறுவை சிகிச்சைக்கு இலக்காகும் கட்டிப் பகுதியை அடையாளம் காண்பதில், தொடக்க மாடலைவிட 33 சதவீத முன்னேற்றம்.

படம் எதுவும் வெளியேறவில்லை. ஆனால் வெளியேறிய எண்களும் வாயில்லாப் பூச்சிகள் அல்ல. இப்படிப் பகிரப்படும் எண்களிலிருந்தே பயிற்சிப் படத்தை மீட்க முடியும் என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2019இலேயே காட்டிவிட்டார்கள். எண்களை மறைகுறியாக்கிக் கூட்டுவது, அவற்றில் தற்செயலான மாற்றங்களாகக் கொஞ்சம் இரைச்சல் கலப்பது என்று தடுப்பு வழிகள் உண்டு. இரைச்சல் கூடினால் துல்லியம் குறையும்.

நாளை உங்கள் மருத்துவமனை இப்படியொரு திட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், "ஸ்கேன் வெளியே போகாது" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். வெளியே போகும் எண்களை எப்படிக் காக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.