ஒரே நாடு, ஐந்து ராஜாக்கள், ஒரு அம்மா... காயல் ஆண்ட பாண்டியர் குடும்பக் கதை!

முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால், முள்ளக்காடு தாண்டி பழையகாயல் வரும். உப்பளம், வாழைத்தோட்டம், தாமிரபரணி என்று அமைதியாக இருக்கும் இந்த ஊரை நம்மில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால், 1290-களில் இது உலகம் அறிந்த துறைமுகம். வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய பெருநகரம் இதுதான் என 19-ம் நூற்றாண்டில் அடையாளம் காட்டினார் கால்டுவெல்.

அந்தக் காயலை ஆண்ட குடும்பத்தின் கதை, எந்த வெப் சீரிஸுக்கும் சளைத்தது இல்லை. உறவால் கட்டிய ஒரு பேரரசு, உறவாலேயே உடைந்த கதை அது.

யார் அந்த ஐந்து பேர்?

1268-ல் பட்டத்துக்கு வந்தவர் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன். சுமார் 40 வருஷம் ஆட்சி. 1279-ல் சோழ அரசு முடிவுக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். ஆனால், இவர் தனி ராஜா இல்லை. பாண்டியர் வழக்கப்படி ஒரே நேரத்தில் குடும்பத்தில் பலர் பட்டம் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். அதனால்தான் ஒரே காலத்துக் கல்வெட்டுகளில் வேறு வேறு பாண்டிய மன்னர்களின் பெயர்கள் வருகின்றன. 'பஞ்சவர்' என்று பாண்டியருக்கு ஒரு பழைய பெயரே உண்டு.

மார்க்கோ போலோவும் இங்கே 'ஐந்து சகோதர ராஜாக்கள்' என்றுதான் எழுதுகிறார். மூத்தவர் 'அஷார்', காயலுக்குச் சொந்தக்காரர். குலசேகரன் என்ற பெயர்தான் அவர் வாயில் இப்படித் தேய்ந்துபோனது என்று கருதப்படுகிறது. முத்துக்குளிக்கும் கரைப் பகுதி இன்னொரு ராஜாவான 'சுந்தர பாண்டித் தேவர்' கையில். இலங்கையின் சூளவம்சமும் பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்கள் பற்றிப் பேசுகிறது. ஆக, இது வெளியூர்க்காரர் ஒருவர் கிளப்பிவிட்ட கதை மட்டும் அல்ல.

முத்து உள்ளே, குதிரை வெளியே

இவ்வளவு ராஜாக்களுக்கும் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடல்தான். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. குறிப்பிட்ட எடைக்கு மேலான முத்து எதையும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அரண்மனைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மடங்கு விலை. அந்த ராஜா கழுத்தில் முத்தும் மாணிக்கமுமாக 104 மணி கோத்த மாலை கிடந்தது என்கிறார் போலோ.

சம்பாதித்த பணம் போனது குதிரைக்கு. ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் காயலில் நிற்கும். ஐந்து ராஜாக்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருஷா வருஷம் வாங்கினார்களாம். நம்ம ஊர் வெக்கையும் சரியில்லாத பராமரிப்பும் சேர்ந்து, வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாது. மறுபடி வாங்க வேண்டியதுதான்! இந்த வியாபாரத்தில் செல்வாக்குப் பெற்ற அரபு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் என்பவரிடம் காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பே இருந்தது என எழுதுகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப்.

சம்பந்தம், சண்டை, சமரசம்

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இதே அரசியல்தான். 1273-ல் ஜெர்மனியின் ராஜாவான ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப், தன் மகள்களை வரிசையாகப் பெரிய பிரபுக் குடும்பங்களில் கட்டிக்கொடுத்தே தன் வம்சத்தை வளர்த்தார்.

இங்கேயும் உறவுதான் ஆயுதம். வேணாட்டு மன்னர் ரவிவர்மன் குலசேகரன் மணந்தது பாண்டிய இளவரசியை. இலங்கையிடம் வேறு வழி. ஆரியச் சக்கரவர்த்தி என்ற அமைச்சர் தலைமையில் படை போய், யாப்பகூவாவில் இருந்த புத்தரின் புனிதப் பல்லை எடுத்துவந்து குலசேகரனிடம் கொடுத்தது. பிறகு, சிங்கள மன்னர் மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் வந்து, பேசித்தான் அதைத் திரும்ப வாங்கிப் போனார்.

கத்தியோடு நின்ற அம்மா

வெளியே இவ்வளவு பலம். வீட்டுக்குள்ளே? அண்ணன் தம்பிக்குள் அடிக்கடி முட்டிக்கொள்ளும். படை திரட்டிக் களத்துக்கே வந்துவிடுவார்கள். அப்போது அவர்களின் அம்மா நடுவே வந்து நிற்பாராம். கேட்கவில்லையென்றால் கையில் கத்தியை எடுத்து, 'சண்டையை நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன்' என்று மிரட்டுவார். பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.

இதை எழுதிய போலோ கூடவே ஒன்று சொல்கிறார்: அந்த அம்மா காலமானதும் இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வது நிச்சயம்.

அடுத்த தலைமுறையில் வெடித்தது

சண்டை வந்தது அடுத்த தலைமுறையில். குலசேகரனுக்கு இரண்டு பிள்ளைகள்: பட்டத்து ராணியின் மகன் சுந்தர பாண்டியன், இன்னொரு மனைவிக்குப் பிறந்த வீர பாண்டியன். அப்பா வாரிசாகக் காட்டியது வீர பாண்டியனை. ஆத்திரத்தில் 1310-ல் சுந்தரன் அப்பாவையே கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். பிறகு அண்ணன் தம்பிக்குள் நேரடிப் போர். கத்தியோடு குறுக்கே வந்து நிற்க யாரும் இல்லை.

அடுத்த வருஷமே, 1311-ல், டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை வந்தார். 512 யானை, 5,000 குதிரை, எக்கச்சக்கமான நகைகளோடு திரும்பினார் எனக் கணக்குச் சொல்கிறார், கில்ஜி அவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. சம்பந்தி வீடும் சும்மா இருக்கவில்லை. குழப்பத்தைப் பயன்படுத்திக் காஞ்சிபுரம் வரை படை நடத்திய ரவிவர்மன், 1313-ல் அங்கே வேகவதிக் கரையில் முடிசூடிக்கொண்டார். 1330-களில் மதுரையில் தனி சுல்தானகமே அமைந்துவிட்டது. பாண்டியர் கிளைகள் பிறகு தென்காசிப் பக்கம் ஒதுங்கி 17-ம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தன. காயலையோ ஆற்று மண் தூர்த்தது, கடல் விலகிப்போனது, கப்பல்கள் வேறு துறைமுகம் தேடிக்கொண்டன.

இந்தக் குடும்பத்திடம் முத்து இருந்தது, குதிரை இருந்தது, கடல் தாண்டிப் போகும் படை இருந்தது. இல்லாமல் போனது ஒன்றுதான்: 'அடுத்தது யார்?' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி. அந்த வேலையை ஒரு அம்மாவின் மிரட்டல் பல வருஷம் பார்த்தது. அதைத்தான் போலோ அன்றைக்கே கவனித்திருக்கிறார்.